அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற சுவாச சிகிச்சையாளர் ஆவது எப்படி, போட்ட பணத்துக்கு அந்தப் படிப்பு தகுமா: முழுமையான வழிகாட்டி

ஐசியூவில் வெண்டிலேட்டர் அலாரம் அடித்தால் நர்ஸ் தேடுவது ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டைத்தான். மருத்துவமனைக்குள் எல்லோரும் சுருக்கமாக ஆர்டி என்பார்கள். வெண்டிலேட்டரை அமைப்பது, மாற்றுவது, அதிலிருந்து நோயாளியை விடுவிப்பது, மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ஏபிஜி என்ற ரத்த வாயுச் சோதனைக்கு ரத்தம் எடுப்பது, பைபாப் என்ற மூச்சு முகமூடிக் கருவியை மாட்டுவது, நெபுலைசர் கொடுப்பது, இதயமோ மூச்சோ நின்றவருக்கான கோட் ப்ளூ அவசர அழைப்பில் ஓடிப் போய் மூச்சுப் பையை அழுத்துவது எல்லாம் அவர் வேலை. இந்தியாவில் மயக்க மருந்து டாக்டரும் ஐசியூ டாக்டரும் பார்த்துக்கொள்ளும் பல காரியங்களை அமெரிக்காவில் இவர்கள் செய்கிறார்கள்.

ஆர்டி-க்களின் தொழில் சங்கம் 1947-ல் சிகாகோவில் தொடங்கியபோது இவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளும் ஆட்களாகத்தான் பார்க்கப்பட்டார்கள். இன்று பட்டம், தேசியத் தேர்வு, மாநில லைசென்ஸ் மூன்றும் இல்லாமல் நோயாளி பக்கத்தில் போக முடியாது. மாநில லைசென்ஸ் கேட்காத ஒரே மாநிலம் அலாஸ்கா. அங்கேயும் மருத்துவமனைகள் தேசியச் சான்றிதழைக் கேட்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறைந்த கட்டணத்தில் படித்து ஆர்ஆர்டி என்ற உயர்நிலைச் சான்றிதழ் வரை முடித்தால் இது நல்ல தொழில். அதே படிப்பைப் பெருங்கடனில் வாங்கினால் கணக்கு உதைக்கும், ஏனென்றால் எந்தக் கல்லூரியில் படித்தாலும் வார்டில் சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான்.

சிஆர்டி, ஆர்ஆர்டி: இதில் குழம்ப வேண்டாம்

தேசியத் தேர்வை நடத்துவது என்பிஆர்சி என்ற வாரியம். அது இரண்டு நிலைச் சான்றிதழ் தருகிறது. சிஆர்டி நுழைவு நிலை, ஆர்ஆர்டி உயர்நிலை. லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். பல மாநிலங்களில் சிஆர்டி இருந்தாலே லைசென்ஸ் கிடைக்கும். கலிபோர்னியாவும் ஒஹாயோவும் 2015 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களிடம் ஆர்ஆர்டி கேட்கின்றன. பெரிய மருத்துவமனைகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஆர்ஆர்டி-யைத்தான் எடுக்கின்றன. சிஆர்டியோடு நின்றுவிடலாம் என்று திட்டமிடுவது பாதிப் பாலம் கட்டுவது போல.

படி 1: முன்தேவைப் பாடங்கள்

உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், வேதியியல், கல்லூரி அல்ஜீப்ரா அல்லது புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, உளவியல். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது இவற்றைத்தான். குறைந்தபட்சம் ‘சி’ கிரேடு என்று எழுதியிருப்பார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு சின்ன வகுப்பை மட்டும் சேர்க்கும் கல்லூரியில் ‘சி’ வைத்துக்கொண்டு இடம் பிடிப்பது கஷ்டம். சில கல்லூரிகளில் டீஸ் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு.

பலர் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். அறிவியல் பாடங்களுக்குப் பல கல்லூரிகளில் காலாவதி இருக்கிறது, 5 அல்லது 7 ஆண்டுக்கு முன் படித்ததை ஏற்க மாட்டார்கள். இந்தியாவில் பி.எஸ்சி. முடித்துப் பத்து ஆண்டுகள் ஆனவர்கள் உடற்கூறியலை மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே நாள் கணக்குப் போட வேண்டும். அடுத்தது மதிப்பெண் பட்டியல் மதிப்பீடு. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் பாடவாரியான அறிக்கை வாங்க வேண்டும். பட்டத்தை மட்டும் மதிப்பிட்ட அறிக்கையைக் கொடுத்தால், ஆய்வகத்தோடு படித்ததாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தியாவில் ரெஸ்பிரேட்டரி தெரபியே படித்து வந்தவர்களுக்குக் கசப்பான செய்தி. அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி என்பிஆர்சி தேர்வு எழுத முடியாது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்தாக வேண்டும். சில கல்லூரிகள் கொஞ்சம் கிரெடிட்டைக் கழித்துக்கொள்ளும். அதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

எல்லாப் படியிலும் இதுதான் பெரியது. அங்கீகாரம் கொடுப்பது கோஆர்க் என்ற அமைப்பு. கல்லூரி பொதுவாக அங்கீகாரம் பெற்றிருந்தால் போதாது. நீங்கள் சேரும் ரெஸ்பிரேட்டரி படிப்புக்குத் தனியாக கோஆர்க் அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பாமல் கோஆர்க் வலைத்தளத்தில் படிப்பின் பெயரைத் தேடுங்கள். ‘தொடர் அங்கீகாரம்’ என்றிருந்தால் நல்லது. ‘தற்காலிக அங்கீகாரம்’ என்றால் புதிய படிப்பு, அதில் படித்தவர்களும் தேர்வு எழுதலாம். ‘ப்ரொபேஷன்’ என்று இருந்தால் அங்கீகாரம் இன்னும் இருக்கிறது, ஆனால் ஏதோ ஓட்டை இருக்கிறது. என்ன ஓட்டை என்று படிப்பின் இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அதே தளத்தில் ஒவ்வொரு படிப்பின் பலன் கணக்கும் வெளியாகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் குறித்த நேரத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் டிஎம்சி என்ற தேசியத் தேர்வில் (படி 5-ல் விளக்கம்) உயர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள் என்று பாருங்கள். மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தேர்ச்சி விகிதம் மிக உயர்வாகவும் தங்கியவர் விகிதம் தாழ்வாகவும் இருந்தால், பலவீனமான மாணவர்களை நடுவிலேயே கழித்துவிட்டார்களோ என்று சந்தேகப்படலாம்.

இரண்டாண்டு அசோசியேட் பட்டமா, நான்காண்டு பேச்சலர் பட்டமா? 2018 முதல் புதிதாகத் தொடங்கும் படிப்புகள் பேச்சலர் பட்டமாவது தர வேண்டும் என்று கோஆர்க் விதித்துவிட்டது. அதற்கு முன்பிருந்த அசோசியேட் படிப்புகள் தொடர்கின்றன. ஆர்ஆர்டி-க்கு அசோசியேட் போதும். எங்கள் கருத்து: கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் முடித்து, வேலையில் சேர்ந்து, மருத்துவமனை தரும் கல்வி உதவியில் ஆன்லைனில் பேச்சலரை முடிப்பதே செலவு குறைந்த வழி. ஏற்கெனவே வேறு துறையில் இளங்கலைப் பட்டம் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

கடனின் எடையைப் பார்க்க ஒரு கணக்கு. 7 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக்கு 12,000 டாலர் வாங்கினால் மாதத் தவணை சுமார் 139 டாலர். 60,000 வாங்கினால் சுமார் 697. சம்பளம் மாறாது, தவணை மட்டும் ஐந்து மடங்கு.

படி 3: கிளினிக்கலுக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிச் சான்று, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி, போதைப்பொருள் சோதனை, குற்றப் பின்னணிச் சோதனை. ஹெபடைடிஸ் பி ஊசி வழக்கமான மூன்று டோஸ் முறையில் ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

காசநோய்ச் சோதனையில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். குழந்தையில் பிசிஜி போட்டவர்களுக்குக் கையில் போடும் தோல் சோதனை வீங்கி, நோய்க்கிருமி இருப்பதுபோலக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வாரக்கணக்கில் அலைச்சல். பிசிஜி போட்டிருப்பதைச் சொல்லி, ரத்தத்தில் செய்யும் ஐஜிஆர்ஏ சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனையும் உண்டு. தாடி இருந்தால் தேற முடியாது.

படி 4: படிப்பில் எது கடினம்

நெபுலைசர், ஆக்சிஜன் கருவிகள் எல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆளைக் கழிக்கும் பாடங்கள் ரத்த வாயு விளக்கமும் வெண்டிலேட்டரும். இரண்டிலும் சூத்திரம் சின்னது, தவறு பெரியது.

வெண்டிலேட்டரில் ஒரு மூச்சின் அளவை நோயாளியின் உண்மை எடையில் கணக்கிடக் கூடாது. உயரத்தில் கணக்கிட வேண்டும், ஏனென்றால் உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. பெண்ணுக்கு 45.5 கிலோ, ஆணுக்கு 50 கிலோ என்று தொடங்குங்கள். ஐந்து அடிக்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கூட்டுங்கள். 5 அடி 4 அங்குலப் பெண்ணுக்கு 45.5 + 9.2 = 54.7 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 330 மி.லி. அவருடைய உண்மை எடை 100 கிலோ என்று 600 மி.லி. வைத்தால், அது கிலோவுக்கு 11 மி.லி. ஆகிவிடும். கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு 12-க்குப் பதில் 6 மி.லி. கொடுத்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. தேர்விலும் வார்டிலும் இந்த எண் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பது. இப்போதைய நிமிடக் காற்றளவை (ஒரு நிமிடத்தில் மூச்சாகப் போகும் மொத்தக் காற்று) இப்போதைய கார்பன் டை ஆக்சைடால் பெருக்கி, வேண்டிய அளவால் வகுத்தால் புதிய நிமிடக் காற்றளவு கிடைக்கும். ஒரு மூச்சு 450 மி.லி., நிமிடத்துக்கு 12 மூச்சு, ஆக மொத்தம் 5.4 லிட்டர். கார்பன் டை ஆக்சைடு 60, வேண்டியது 45. 5.4 × 60 ÷ 45 = 7.2 லிட்டர். மூச்சின் அளவை மாற்றாமல் எண்ணிக்கையை 16 ஆக்கினால் சரி. ஆனால் நோயாளி சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவராக இருந்து அவருக்கு எப்போதுமே 60 தான் என்றால், எண்ணை ‘சரி’ செய்வதே தவறு. ரத்தத்தின் அமில-கார அளவான பிஎச் இயல்பாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ரத்தம் காரமாகிவிடும், வெண்டிலேட்டரை விட்டு அவரைப் பிரிப்பதும் இழுபறியாகும். கணக்குத் தெரிந்த மாணவர்கள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் சறுக்குகிறார்கள்.

மூன்றாவது, சிலிண்டர் நேரம். இ-வகைச் சிலிண்டரின் காரணி 0.28. அழுத்த அளவுமானி 1,500 பிஎஸ்ஐ காட்டுகிறது, 200-ஐ இருப்பாக விட்டுவிட்டு 1,300-ஐ 0.28-ஆல் பெருக்கினால் 364 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 36 நிமிடம். நோயாளியை சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போய் வர 40 நிமிடம் ஆகும் என்றால் கிளம்பக் கூடாது, புதுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எம்ஆர்ஐ அறைக்கு எஃகுச் சிலிண்டரைக் கொண்டுபோகவே கூடாது, காந்தம் அதை ஏவுகணைபோல இழுத்துவிடும்.

கிளினிக்கல் நாட்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஷிஃப்ட் தொடங்கியதும் மூச்சுப் பையும் உறிஞ்சு கருவியும் ஒவ்வொரு கட்டிலிலும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். குழாய் அடைத்துக்கொண்ட பிறகு தேடினால் நேரம் போய்விடும்.

படி 5: டிஎம்சி, சிஎஸ்இ தேர்வுகள்

டிஎம்சி 160 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 140-க்குத்தான் மதிப்பெண், மீதி 20 சோதனைக் கேள்விகள். எது எந்த வகை என்று தெரியாது. இரண்டு வெட்டுப்புள்ளிகள் உண்டு. கீழ்ப் புள்ளியைத் தாண்டினால் சிஆர்டி. மேல் புள்ளியைத் தாண்டினால் சிஆர்டியோடு சிஎஸ்இ எழுதும் தகுதியும் கிடைக்கும். சிஎஸ்இ 4 மணி நேரம், 22 நோயாளிக் கதைகள். அதையும் தாண்டினால் ஆர்ஆர்டி. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 200 டாலர். வாரியம் தேர்வின் அமைப்பை அவ்வப்போது திருத்தும். ஆகவே நீங்கள் எழுதும் ஆண்டின் பாடத்திட்ட அறிக்கையையும் விண்ணப்பதாரர் கையேட்டையும் அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். சீனியரின் பழைய புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சிஎஸ்இ வேறு மாதிரி மிருகம். தகவல் திரட்டும் பகுதியில், அந்த நேரத்தில் தேவையானதை எல்லாம் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையில்லாததைத் தொட்டால் மதிப்பெண் குறையும். மூச்சுத் திணறலில் நீலம் பாய்ந்து கிடப்பவருக்கு முழு நுரையீரல் செயல்திறன் பரிசோதனை கேட்டால் அடி விழும். நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, மூச்சொலி ஆகியவற்றை விட்டாலும் அடி விழும். முடிவெடுக்கும் பகுதியில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கட்டிலருகே கையில் இருக்கும் கருவியால் என்ன செய்வீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள். புத்தகப்புழுக்கள் கோட்டை விடுவதும், கிளினிக்கலில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் தேறுவதும் இங்கேதான்.

மூன்று முறை தோற்றால் அடுத்த முயற்சிக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். பட்டம் பெற்று 3 ஆண்டுக்குள் ஆர்ஆர்டி-யை முடிக்காவிட்டால் டிஎம்சி-யை மறுபடி எழுத வேண்டும். பட்டமளிப்புக்குப் பின் 4 முதல் 6 வாரத்தில் டிஎம்சி, அடுத்த 6 வாரத்தில் சிஎஸ்இ என்று வைத்துக்கொள்வது சரியான வேகம். வேலை கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் இரவு ஷிஃப்டின் களைப்பில் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள்.

படி 6: மாநில லைசென்ஸ்

கடைசிப் பருவத்திலேயே உங்கள் மாநில வாரியத்தின் படிவத்தைத் திறந்துவிடுங்கள். கைரேகை, கல்லூரியிலிருந்து நேராகப் போகும் மதிப்பெண் பட்டியல், என்பிஆர்சி அனுப்பும் உறுதிக் கடிதம் ஆகியவை பொதுவானவை. சில மாநிலங்கள் சட்ட, நெறிமுறைப் பாடம் ஒன்றையும் கேட்கும். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் கைரேகையும் பெயரும்தான்.

பெயர் விஷயத்தைத் தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, இந்திய மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு, ஓட்டுநர் உரிமத்தில் கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரோடு என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் போகும். கல்லூரியில் சேரும் நாளிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

லைசென்ஸ் வந்த பின்பும் வேலை முடிவதில்லை. மாநிலம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி நேரத்தோடு புதுப்பிக்கச் சொல்லும். என்பிஆர்சி சான்றிதழுக்குத் தனியாக 5 ஆண்டுச் சுழற்சி உண்டு. இரண்டும் வேறுவேறு தேதிகள்.

இனி மதிப்புக் கணக்கு

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 மே கணக்குப்படி ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகளின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 77,960 டாலர். பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு 86,070. 2023-லிருந்து 2033-க்குள் ஆர்டி வேலைகள் 13 சதவீதம் கூடும் என்பது அதே அலுவலகத்தின் கணிப்பு. முதுமையும் நாள்பட்ட நுரையீரல் நோயும் கூடுவதே காரணம். இரவு, வாரக்கடைசி ஷிஃப்டுகளுக்குக் கூடுதல் தொகை உண்டு. மூன்று நாள் பன்னிரண்டு மணி நேரம் என்ற அட்டவணை, சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் பகல்நேரக் காப்பகச் செலவைக் குறைக்கும். சம்பளத் தாளில் தெரியாத லாபம் அது.

நர்ஸிங்கோடு ஒப்பிடாமல் முடிவெடுக்கக் கூடாது. முன்தேவைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. நர்ஸுக்குப் பள்ளி, கிளினிக், காப்பீட்டு நிறுவனம், நர்ஸ் பிராக்டிஷனர் என்று கதவுகள் அதிகம். ஆர்டி-க்கு வேலை முக்கியமாக மருத்துவமனைதான். மாற்றாக ஆர்டி ஒரு துறையை ஆழமாகப் பிடிக்கிறார். நாள் முழுதும் ஒரே வார்டில் அடைபடாமல் கட்டிடம் முழுக்கச் சுற்றுகிறார். கருவிகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு, ஒரே நேரத்தில் மருந்து, குடும்பம், தாள்வேலை என்று பத்துத் திசையில் இழுபட விரும்பாதவர்களுக்கு ஆர்டி பொருந்தும். பின்னால் எங்கே போவது என்று இன்னும் தெரியாதவர்களுக்கு நர்ஸிங்தான் பாதுகாப்பு.

விசா நிலையும் இந்தக் கணக்கில் வரும். நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்டுகளும் ஷெட்யூல் ஏ என்ற பட்டியலில் இருப்பதால் கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று நடைமுறையில் ஒரு பெரிய படி மிச்சம். ஆர்டி அந்தப் பட்டியலில் இல்லை. அசோசியேட் பட்டத்தோடு நுழையக்கூடிய வேலை என்பதால் எச்1பி-யும் எளிதல்ல. வேலை அனுமதி ஏற்கெனவே கையில் உள்ளவர்கள் தயங்க வேண்டாம். இல்லாதவர்கள், படிப்பு முடியும் நாளில் எந்த அனுமதியில் வேலை செய்வோம் என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் கட்டணம் கட்டக் கூடாது.

கூரை சீக்கிரம் தட்டும். முதல் ஐந்து ஆண்டில் சம்பளம் ஏறும், பிறகு வார்டிலேயே இருந்தால் ஏற்றம் மந்தம். மேலே போக வழிகள்: பச்சிளங்குழந்தை, வயதுவந்தோர் தீவிர சிகிச்சை, தூக்கக் கோளாறு ஆகியவற்றில் என்பிஆர்சி தரும் சிறப்புச் சான்றிதழ்கள், எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) குழு, நுரையீரல் பரிசோதனைக் கூடம், பேச்சலர் பட்டத்தோடு மேற்பார்வையாளர் பதவி, நோயாளிகளைக் கவனித்த அனுபவ நேரத்தைக் காட்டி பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. சிறப்புச் சான்றிதழுக்குச் சில மருத்துவமனைகள் மணிக்குச் சில டாலர் கூட்டும், சில கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளும். கேட்டுவிட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டுங்கள்.

விளம்பரத்தில் வராத பக்கமும் இருக்கிறது. சளி உறிஞ்சுவது தினசரி வேலை. அதில் குமட்டல் வந்தால் பழகும் என்று சொல்லலாம், எல்லோருக்கும் பழகுவதில்லை. இனி பயனில்லை என்று குடும்பம் முடிவெடுத்த பின் குழாயை எடுப்பதும் ஆர்டி-யின் கைதான். அதனால் முன்தேவைப் பாடங்களில் பணம் போடும் முன், மருத்துவமனையின் ரெஸ்பிரேட்டரி துறைக்கு எழுதி ஒரு ஷிஃப்ட் கூடவே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள், முடிந்தால் இரவு ஷிஃப்டாக.

முதல் வேலையை எடுக்கும்போது

முதல் வேலையில் சம்பளத்தைவிடப் பயிற்சிக் காலம் முக்கியம். ஐசியூவுக்குத் தனியாக எத்தனை வாரம் கூட இருந்து சொல்லித்தருவார்கள் என்று கேளுங்கள். இரண்டு வாரம் என்றால் ஆள் பற்றாக்குறை. ஒரு ஆர்டி-க்கு எத்தனை வெண்டிலேட்டர் நோயாளிகள், இரவில் மொத்தம் எத்தனை ஆர்டி-க்கள் என்று கேளுங்கள். வெண்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் நடைமுறையை ஆர்டி தானே தொடங்கலாமா, ஒவ்வொன்றுக்கும் டாக்டர் உத்தரவு வேண்டுமா என்றும் கேளுங்கள். பின்னது என்றால் அங்கே நெபுலைசர் கொடுத்தே நாள் ஓடும், கற்றதெல்லாம் துருப்பிடிக்கும். சேரும்போது போனஸ் கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும், முழுதாகவா, மீதி மாதத்துக்கு மட்டுமா, வரி பிடித்த தொகையா, பிடிக்காத தொகையா என்று ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.